டேட்டிங் செயலிக்கு எது தெரியும், எது தெரியாது

2014 ஜூலையில் ஓகேக்யூபிட் என்ற அமெரிக்க டேட்டிங் தளம், தான் செய்த ஒரு காரியத்தைத் தானே வெளியில் சொன்னது. தன் கணக்குப்படி 30 சதவீதம் மட்டுமே பொருந்தக்கூடிய சில ஜோடிகளிடம், ‘உங்களுக்குள் 90 சதவீதப் பொருத்தம்’ என்று வேண்டுமென்றே பொய் சொல்லிப் பார்த்திருந்தது. 30 என்று உள்ளதைச் சொன்னபோது, முதல் செய்திக்குப் பிறகு பேச்சு நாலு செய்திவரை நீண்டது 100-க்கு 10 ஜோடிகளிடம்தான். பொய்யாக 90 என்றபோது அது 17 ஆனது. கணக்கும் 90 என்று சொல்லி, காட்டியதும் 90 என்றால்? அப்போதும் 20தான்.

இதை எழுதியவர் தளத்தை நிறுவியவர்களில் ஒருவரான கிறிஸ்டியன் ரடர். பயனர்களிடம் கேட்காமல் அவர்களை வைத்துச் சோதனை செய்யலாமா என்று பெரிய சண்டை நடந்தது. நியாயமான சண்டைதான். ஆனால் அந்தச் சத்தத்தில் எண்கள் சொன்ன சேதி அமுங்கிப்போனது. பொருத்தம் இருப்பது எவ்வளவு வேலை செய்கிறதோ, பொருத்தம் இருப்பதாக நம்புவதும் கிட்டத்தட்ட அவ்வளவு வேலை செய்கிறது. டேட்டிங் செயலிகளில் நடக்கும் நல்லதும் கெட்டதும் இந்த ஒரு பலவீனத்தைச் சுற்றியே நடக்கின்றன என்று தோன்றுகிறது.

அந்த 90 எங்கிருந்து வருகிறது? ஓகேக்யூபிட்டின் சூத்திரம் பள்ளி மாணவருக்கே புரியும். ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று தகவல் கேட்பார்கள். உங்கள் பதில் என்ன, எதிரில் இருப்பவர் என்ன பதில் சொன்னால் உங்களுக்குச் சம்மதம், அந்தக் கேள்வி உங்களுக்கு எவ்வளவு முக்கியம். இவற்றை வைத்து, அவர் பதில்கள் உங்களை எத்தனை சதவீதம் திருப்திப்படுத்துகின்றன என்று ஓர் எண்ணும், உங்கள் பதில்கள் அவரை எத்தனை சதவீதம் திருப்திப்படுத்துகின்றன என்று இன்னோர் எண்ணும் கிடைக்கும். இரண்டையும் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் பொருத்தம். ஒரு பக்கம் 90, மறுபக்கம் 40 என்றால் சாதாரணச் சராசரி 65 வரும். இந்த முறையில் 60தான் வரும். ஒருதலைக் காதலுக்குக் கணக்கிலேயே அபராதம் போட்டுவிட்டார்கள்!

அழகான கணக்கு. ஆனால் அதற்குள் போவது என்ன? ஆட்கள் தங்களைப் பற்றித் தாங்களே சொல்லிக்கொள்வது. 2008-ல் வெளியான ஓர் ஆய்வில், டேட்டிங் தளங்களைப் பயன்படுத்தும் 80 பேரை நியூயார்க்கில் வரவழைத்து, உயரத்தை அளந்து, எடை போட்டு, ஓட்டுநர் உரிமத்தில் வயதையும் சரிபார்த்தார்கள். உயரம், எடை, வயது மூன்றில் ஏதாவது ஒன்றிலாவது பொய் சொல்லியிருந்தவர்கள் 81 சதவீதம். பெரிய பொய்கள் இல்லை. ஆண்கள் உயரத்தைக் கொஞ்சம் கூட்டியிருந்தார்கள், பெண்கள் எடையைக் கொஞ்சம் குறைத்திருந்தார்கள். நம் ஊர் ஜாதகப் பரிமாற்றத்தில் பார்க்காததா?

மற்ற செயலிகளின் கணக்கு வேறு விதம். 2012-ல் வந்த டிண்டர், சதுரங்க வீரர்களைத் தரவரிசைப்படுத்த அர்பாத் ஈலோ உருவாக்கிய முறையின் சாயலில் ஒவ்வொருவருக்கும் ரகசிய மதிப்பெண் போட்டது. பலரும் விரும்பும் ஒருவர், பிடித்திருக்கிறது என்று உங்கள் படத்தை வலது பக்கம் தள்ளினால் உங்கள் மதிப்பெண் ஏறும். இப்போது அந்த முறை இல்லை என்று 2019-ல் நிறுவனம் அறிவித்தது. ஹிஞ்ச் என்ற செயலி 2018-ல் இன்னும் சுவாரசியமான கணக்குக்குப் போனது. டேவிட் கேல், லாயிட் ஷாப்லி என்ற இரு கணித அறிஞர்கள் 1962-ல் ஒரு கேள்வி கேட்டார்கள். சம எண்ணிக்கையில் ஆண்களும் பெண்களும் இருக்கிறார்கள், ஒவ்வொருவரிடமும் மற்ற தரப்பினரைப் பற்றிய விருப்பப் பட்டியல் இருக்கிறது. தத்தம் துணையை விட்டுவிட்டு இருவர் சேர்ந்து ஓடிப்போக ஆசைப்படாதபடி எல்லோரையும் ஜோடி சேர்க்க முடியுமா?

எப்போதும் முடியும் என்று நிரூபித்தார்கள். ஒரு தரப்பு தன் பட்டியலில் முதலில் இருப்பவரிடம் போய்க் கேட்க வேண்டும். கேட்கப்பட்டவர், வந்தவர்களில் சிறந்தவரைத் தற்காலிகமாக நிறுத்திவைத்து மற்றவர்களை அனுப்பிவிடுவார். மறுக்கப்பட்டவர் அடுத்த பெயரிடம் போவார். மேலும் நல்லவர் வந்தால் நிறுத்திவைத்தவரையும் அனுப்பிவிடலாம். அனுப்பிவிட ஆள் இல்லாதபோது ஆட்டம் முடிகிறது. எஞ்சிய ஜோடிகள் நிலையானவை. இதில் ஒரு வேடிக்கை உண்டு. போய்க் கேட்ட தரப்புக்குத்தான் சாத்தியமானவற்றில் சிறந்த துணை அமையும், காத்திருந்த தரப்புக்கு இல்லை. பெண்கள்தான் முதல் செய்தி அனுப்ப வேண்டும் என்ற விதியோடு 2014-ல் வந்த பம்பிள் செயலிக்கும் இந்தத் தேற்றத்துக்கும் நேரடித் தொடர்பு ஏதும் இல்லை. இருந்தாலும் நினைத்துப்பார்க்கச் சுவையாக இருக்கிறது. இப்படி ஜோடி சேர்க்கும் ஆய்வுகளுக்காக 2012-ல் ஷாப்லிக்கும் ஆல்வின் ராத்துக்கும் பொருளாதார நோபல் கிடைத்தது. கேல் 2008-லேயே காலமாகியிருந்தார்.

நிரூபணம் அசைக்க முடியாதது. ஆனால் அது விருப்பப் பட்டியல் கையில் இருப்பதாக எடுத்துக்கொள்கிறது. உங்களிடம் அப்படி ஒரு பட்டியல் இல்லை. செயலி உங்கள் விரலசைவைப் பார்த்து அதை ஊகிக்கிறது. அந்த ஊகம் எவ்வளவு தேறும் என்று சமந்தா ஜோயல், பால் ஈஸ்ட்விக், எலி ஃபிங்கல் மூவரும் 2017-ல் சோதித்தார்கள். ஒருவரை ஒருவர் சில நிமிடங்கள் சந்திக்கும் நிகழ்ச்சிக்கு வந்தவர்களிடம் முன்கூட்டியே நூற்றுக்கும் மேற்பட்ட குணங்களையும் விருப்பங்களையும் கேட்டு வாங்கி, இயந்திரக் கற்றலுக்குக் கொடுத்தார்கள். பொதுவாக யார் எல்லோரையும் விரும்புவார், யாரை எல்லோரும் விரும்புவார்கள் என்பதை இயந்திரம் ஓரளவு சொன்னது. இந்த ஆளுக்கு இந்த ஆளைக் குறிப்பாகப் பிடிக்குமா என்ற கேள்வியில் கைவிரித்துவிட்டது. காதலில் நாம் தெரிந்துகொள்ள விரும்புவதே அந்த ஒன்றைத்தான்.

ஆகவே பொருத்த எண்ணைப் பார்த்துச் செயலியைத் தேர்ந்தெடுப்பதில் பயனில்லை. கல்யாணத் தரகராவது ஊரில் நாலு பேரிடம் விசாரித்துவிட்டு வருவார்; செயலி விசாரிப்பதில்லை, அறிமுகம் மட்டும் செய்கிறது. நல்ல அறிமுகம்தான், குறை சொல்ல முடியாது. அமெரிக்காவில் 2017-ல் சந்தித்துக்கொண்ட ஆண்-பெண் ஜோடிகளில் 39 சதவீதம் பேர் இணையம் வழியாகவே சந்தித்தார்கள் என்று ஸ்டான்ஃபோர்டின் மைக்கேல் ரோசன்ஃபெல்ட் குழு கண்டறிந்தது. எந்தச் செயலி என்று கேட்டால், உங்கள் ஊரில் உங்களைப் போன்றவர்கள் எதில் இருக்கிறார்களோ அது. டிண்டர், ஹிஞ்ச், ஓகேக்யூபிட் மூன்றுமே மேட்ச் குழுமம் என்ற ஒரே முதலாளியுடையவை. ஒன்றில் வெறுத்துப்போய் இன்னொன்றுக்கு மாறுவது பெரும்பாலும் ஒரே வீட்டில் அறை மாறுவதுதான். ஐல் என்ற இந்திய நிறுவனம் தமிழர்களுக்கென்றே ‘அன்பே’ என்ற செயலியை வெளியிட்டது. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களுக்கு 2009 முதல் கிரைண்டர் இருக்கிறது.

தேர்வில் நான் பார்க்கச் சொல்வது வேறு இரண்டு விஷயங்கள். உங்களைப் பற்றி அது எவ்வளவு சேகரித்து வெளியே விடுகிறது, எதிரில் இருப்பவர் நிஜ ஆளா என்று சரிபார்க்க அது என்ன செய்கிறது.

முதல் விஷயத்தில் செய்தி நல்லதாக இல்லை. 2024-ல் மொசில்லா அறக்கட்டளை 25 டேட்டிங் செயலிகளின் தனியுரிமைக் கொள்கைகளைப் படித்துப் பார்த்து, 22 செயலிகளுக்கு எச்சரிக்கை முத்திரை குத்தியது. ஜூடித் துபோர்டாய் என்ற பிரெஞ்சுப் பத்திரிகையாளர் ஐரோப்பியச் சட்டத்தைப் பயன்படுத்தி, தன்னைப் பற்றி டிண்டர் வைத்திருக்கும் தகவலைக் கேட்டார். வந்தது 800 பக்கம். பயனர் தகவலை விளம்பர நிறுவனங்களுக்குக் கொடுத்ததற்காக 2021-ல் கிரைண்டருக்கு நார்வே 6.5 கோடி குரோனர் அபராதம் விதித்தது. 2025 ஜூலையில் நடந்தது இன்னும் கசப்பானது. டேட்டிங்கில் சந்திக்கும் ஆண்களைப் பற்றிப் பெண்கள் ஒருவரை ஒருவர் எச்சரித்துக்கொள்வதற்காகவே உருவான ‘டீ’ என்ற அமெரிக்கச் செயலியிலிருந்து ஏறக்குறைய 72,000 படங்கள் கசிந்தன. அவற்றில் சுமார் 13,000, அந்தப் பெண்கள் தாங்கள் பெண்கள்தான் என்று நிரூபிக்க எடுத்து அனுப்பிய முகப்படங்களும் அடையாள அட்டைகளும்.

இருப்பிடம் கசிவது இதைவிட நுட்பமானது. ‘4 கிலோமீட்டர் தொலைவில்’ என்று செயலி காட்டுவது யாரையும் உறுத்தாது. நீங்கள் மயிலாப்பூரில் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். வேண்டாத ஒருவர் தன் போனின் இருப்பிடத்தைப் பொய்யாக தி.நகர் என்று மாற்றி, உங்களுக்கு எவ்வளவு தூரம் என்று பார்க்கிறார். நீங்கள் தி.நகரை மையமாகக் கொண்ட ஒரு வட்டத்தின் கோட்டில் எங்கோ இருக்கிறீர்கள். பிறகு அடையாறு என்று மாற்றுகிறார். இரண்டு வட்டங்கள் இரண்டே புள்ளிகளில் வெட்டிக்கொள்ளும். எழும்பூர் என்று மூன்றாவது வட்டம் போட்டால் மிச்சம் ஒரே புள்ளி. அது உங்கள் வீடு. டிண்டரில் இப்படியொரு ஓட்டை இருந்ததை இன்க்ளூட் செக்யூரிட்டி என்ற நிறுவனம் 2014-ல் வெளியிட்டது. திரையில் முழு எண்ணாகத் தெரிந்த தூரம், உள்ளே பல தசம இடங்கள்வரை துல்லியமாகவே அனுப்பப்பட்டுக்கொண்டிருந்தது.

தூரத்தை முழு எண்ணாக்கி அனுப்பினால் தப்பித்துவிடலாமா? முடியாது. ஒன்று என்பது இரண்டு என்று மாறும் இடம்வரை பொய் இருப்பிடத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக்கொண்டே போனால், மாறும் அந்தக் கணத்தில் துல்லியமான தூரம் கிடைத்துவிடும். அதை மூன்று திசையில் செய்தால் போதும். பெல்ஜியத்தின் லூவன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2024-ல் வெளியிட்ட ஆய்வில், பிரபலமான 15 செயலிகளில் ஆறில் இந்த மாதிரி வழி திறந்திருந்தது. பம்பிளும் ஹிஞ்சும் அந்த ஆறில் உண்டு. சொன்ன பிறகு பல நிறுவனங்கள் அடைத்தன. சரியான வழி, தூரத்தைக் கணக்கிடுவதற்கு முன்பே இருப்பிடத்தையே மழுங்கடிப்பது. அட்சரேகையைத் தசமத்துக்குப் பிறகு இரண்டு இலக்கத்தோடு வெட்டினால் சுமார் 1.1 கிலோமீட்டர் குழப்பம் வந்துவிடும். அதற்குமேல் எத்தனை வட்டம் போட்டாலும் வீடு அகப்படாது. இதையெல்லாம் பயனர் சோதித்துப் பார்க்க முடியாது. ஆனால் தூரத்தை மறைக்கும் வசதியை இயக்கலாம், செயலியைத் திறந்திருக்கும்போது மட்டும் இருப்பிடம் தெரியட்டும் என்று போனில் வைக்கலாம், துல்லியமான இருப்பிடத்தை அணைத்துவிடலாம். இன்ஸ்டாகிராமிலோ அலுவலகப் பக்கத்திலோ இருக்கும் அதே படத்தை இங்கே போட வேண்டாம். படத்தை வைத்துத் தேடினால் உங்கள் முழுப் பெயரும் வேலை பார்க்கும் இடமும் ஒரே நிமிடத்தில் வந்துவிடும். மற்றவர் கண்ணில் படாமல் இருக்கும் வசதியைச் சில செயலிகள் காசுக்கு விற்கின்றன. பாதுகாப்பைக் கட்டணச் சேவையாக்குவது எனக்கு ஒப்பவில்லை.

இரண்டாவது விஷயமான முகச் சரிபார்ப்பில் கொஞ்சம் முன்னேற்றம் இருக்கிறது. டிண்டர் புதிதாகச் சேர்பவர்களிடம் சிறு வீடியோ எடுக்கச் சொல்லி, அது உயிருள்ள முகமா, போட்டிருக்கும் படத்தோடு ஒத்துப்போகிறதா என்று ஒப்பிடும் முறையை இந்தியா உட்படச் சில நாடுகளில் கட்டாயமாக்கியிருக்கிறது. நல்லதுதான். ஆனால் சரிபார்த்ததற்கு அடையாளமாகப் பெயரருகே வரும் நீல டிக் சொல்வது, படத்தில் இருப்பவர்தான் இவர் என்பதை மட்டுமே. கல்யாணம் ஆனவரா, கடன்காரரா, கை நீட்டுகிறவரா என்பதெல்லாம் அதற்குத் தெரியாது.

இனி, பொருத்தம் இருப்பதாக நம்பிவிடும் அந்தத் தொடக்கப் பலவீனத்துக்கு வருவோம். ஜோசஃப் வால்தர் என்ற தகவல் தொடர்பு ஆய்வாளர் 1996-ல் கவனித்துச் சொன்னது இது: எழுத்தில் மட்டும் பழகும்போது குரல், முகபாவம், தயக்கம் எதுவும் வராது, அந்தக் காலி இடங்களை நாமே நிரப்பிக்கொள்கிறோம், நமக்குப் பிடித்த மாதிரி. எதிரில் இருப்பவரும் யோசித்து, திருத்தி, தன் நல்ல பக்கத்தை மட்டும் அனுப்புகிறார். நாள் ஆக ஆக, கற்பனையில் ஒருவர் வளர்ந்துவிடுவார். அதனால்தான் மாதக்கணக்கில் இரவெல்லாம் பேசியவர்கள் நேரில் பார்த்ததும் ஏமாந்துபோகிறார்கள். சீக்கிரம் சந்தித்துவிடுங்கள் என்பதே இந்தத் துறையின் ஆய்வுகள் பெரும்பாலும் சொல்லும் யோசனை.

பாதுகாப்பும் அதையேதான் சொல்கிறது. காதல் பெயரில் பணம் பறிப்பவர்களின் முழு வித்தையும் சந்திப்பைத் தள்ளிப்போடுவதுதான். கப்பலில் வேலை, எண்ணெய்க் கிணற்றில் வேலை, வெளிநாட்டு ராணுவத்தில் வேலை. 2022-ல் மட்டும் கிட்டத்தட்ட 70,000 அமெரிக்கர்கள் இப்படி இழந்ததாகப் புகார் செய்த தொகை 130 கோடி டாலர். இன்று அதன் பெரிய வடிவம் முதலீட்டு மோசடி. தவறான எண்ணுக்கு வந்த செய்தி போலவோ செயலி வழி அறிமுகமாகவோ தொடங்கும். வாரக்கணக்கில் அன்பு மட்டும்தான்; பணம் பற்றிப் பேச்சே இருக்காது. பிறகு, தான் கிரிப்டோவில் சம்பாதிப்பதைப் போகிற போக்கில் சொல்வார். உங்களையும் ஒரு தளத்தில் சேர்ப்பார். முதலில் போடும் சிறு தொகையை லாபத்தோடு திரும்ப எடுக்கவும் விடுவார்கள். நம்பிக்கை அங்கேதான் பிறக்கிறது. பெரிய தொகை போட்டதும் திரையில் எண்கள் ஏறும், ஆனால் எடுக்க முடியாது. வரி கட்டு, கட்டணம் கட்டு என்பார்கள். அந்தத் தளமே பொய்.

தூண்டில் போடுபவரே அடிமையாக இருக்கலாம் என்பது இந்தக் கதையின் கொடூரமான பகுதி. மியான்மரில் 1,20,000 பேரும் கம்போடியாவில் சுமார் ஒரு லட்சம் பேரும் இத்தகைய மோசடிக் கூடங்களில் கட்டாய வேலை செய்யவைக்கப்பட்டிருக்கலாம் என்று ஐ.நா. மனித உரிமை அலுவலகம் 2023-ல் மதிப்பிட்டது. தாய்லாந்தில் ஐ.டி. வேலை என்று நம்பிப் போய் மியான்மரின் மியாவாடியில் அடைபட்ட தமிழ்நாட்டு இளைஞர்கள் சிலர் 2022-ல் மீட்கப்பட்டு ஊர் திரும்பினார்கள்.

வீடியோ காலில் பார்த்துவிட்டால் போதாதா? பார்க்க வேண்டும், ஆனால் போதாது. 2024 அக்டோபரில் ஹாங்காங் போலீஸ் பிடித்த ஒரு கும்பல், நேரலையில் முகத்தை மாற்றும் டீப்ஃபேக்கைக் கொண்டு சுமார் 4.6 கோடி டாலர் பறித்திருந்தது. ஏமாந்தவர்களில் இந்தியர்களும் உண்டு. முகத்துக்கு முன்னால் கையை ஆட்டச் சொல்லிப் பார்க்கும் பழைய சோதனையை இன்றைய மென்பொருளிடம் முழுதாக நம்ப முடியாது. முகம் எவ்வளவு நிஜமாகத் தெரிந்தாலும், நேரில் பார்க்காத ஒருவர் பணம், முதலீடு, பரிசுப் பொட்டலத்துக்குச் சுங்கக் கட்டணம் என்று எதையாவது தொட்டால் அங்கேயே முடித்துக்கொள்ள வேண்டும். செயலியை விட்டு வாட்ஸ்அப்புக்கு வா என்று முதல் நாளே அவசரப்படுத்துவதும் நல்ல அறிகுறி இல்லை. அங்கே போனால் செயலியின் புகார் பொத்தானும் கண்காணிப்பும் உங்களுக்கு உதவாது.

சீக்கிரம் சந்திப்பதில் வேறு ஆபத்து இருக்கிறது, மறுக்கவில்லை. டெல்லியில் 2024 ஜூனில் ஓர் இளைஞர் டேட்டிங் செயலியில் அறிமுகமான பெண் அழைத்த காபி கடைக்குப் போனார். அவசரம் என்று அந்தப் பெண் பாதியில் கிளம்பிவிட, சில பண்டங்களுக்கும் பானங்களுக்கும் ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் பில் வந்தது. கடையும் அந்தப் பெண்ணும் ஒரே கூட்டு. மும்பையிலும் ஹைதராபாத்திலும்கூட இதே ஆட்டம் நடந்திருக்கிறது. தன்பாலின ஈர்ப்புள்ள ஆண்களைத் தனி இடத்துக்கு வரவழைத்து அடித்துப் பணம் பறிக்கும் கும்பல்கள் நம் ஊர்களிலும் பிடிபட்டிருக்கின்றன. ஆகவே இடத்தை நீங்கள் சொல்லுங்கள், அல்லது அவர் சொன்ன இடத்தை மாற்றிப் பாருங்கள். மோசடிக்காரருக்கு அந்தக் கடைதான் வேண்டும், மற்றவருக்கு எந்தக் கடையும் சரி. பகல், கூட்டம் உள்ள இடம், போகவும் வரவும் சொந்த ஏற்பாடு. யாரைப் பார்க்கப் போகிறீர்கள் என்று ஒரு தோழிக்கோ அண்ணனுக்கோ படத்தோடு அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.

வீட்டுக்குத் தெரியாமல் செயலி பயன்படுத்துபவர்களே இங்கே அதிகம். மிரட்டல் கும்பலின் முதலீடு அந்த ரகசியம்தான். வாட்ஸ்அப்பில் வீடியோ கால் வரும், எதிரில் ஆடையில்லாத உருவம் தெரியும், உங்கள் முகத்தோடு சேர்த்துத் திரை பதிவாகும். பத்து நிமிடத்தில் உங்கள் உறவினர் பட்டியல் உங்களுக்கே வரும். பிறகு ‘போலீஸ் அதிகாரி’ ஒருவர் வேறு கூப்பிடுவார். பணம் கொடுத்தால் நிற்காது, கொடுப்பவர் என்று தெரிந்துவிட்டால் மறுபடி கேட்பார்கள். அந்தரங்கப் படத்தை அனுமதியில்லாமல் எடுப்பதும் பரப்புவதும் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66இ பிரிவில் மூன்றாண்டுவரை சிறை தரக்கூடிய குற்றம். படம் பரவிவிடும் என்று பயந்தால் 18 வயது நிரம்பியவர்களுக்கு ஸ்டாப் என்சிஐஐ என்ற இலவசச் சேவை இருக்கிறது. படம் உங்கள் போனை விட்டு வெளியே போகாது. அதிலிருந்து ஓர் எண் ரேகை மட்டும் உருவாகி நிறுவனங்களுக்குப் போகும். அதே ரேகையுள்ள படத்தை யாராவது ஃபேஸ்புக்கிலோ இன்ஸ்டாகிராமிலோ ஏற்ற முயன்றால் தடுக்கப்படும். பம்பிளும் 2022 முதல் இதில் சேர்ந்திருக்கிறது.

பணம் ஏற்கெனவே போயிருந்தால் 1930 என்ற எண்ணுக்கு உடனே அழையுங்கள். திருடப்பட்ட தொகை சில மணி நேரத்துக்குள் பல கணக்குகளுக்குப் பிரிந்துவிடும். அதற்குள் சொன்னால் இடையில் முடக்க வாய்ப்பு இருக்கிறது. வெட்கத்தில் உரையாடலை அழித்துவிடாதீர்கள். எண், கணக்கு விவரம், யுபிஐ முகவரி, படங்கள் எல்லாவற்றையும் திரைப்பிடி எடுத்து வைத்துக்கொண்டு, தேசிய சைபர் குற்றப் புகார் இணையதளத்திலும் அன்றைக்கே பதிவு செய்யுங்கள்.